படத்துக்கு விட்ட கட்டம்

பிள்ளைங்களே, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு, அதன் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வெள்ளிமலையில் பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. இப்போது அங்கே சிப்ஸ் வறுக்கிறார்கள். அந்த ஜெராக்ஸ் கடையை நடத்தினவர் ஒரு அம்மா. கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்தவர். அவருக்கும் பேர் ஒன்று இருந்தது. ஆனால் மலையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் ஜெராக்ஸ் அக்கா. பெரியவர்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் ஜீப் ஓட்டுகிறவன், இதே மலைக்காரன். பத்தாவது வரைக்கும் படித்தேன். வெள்ளிமலையிலிருந்து கரியாலூர் வழியாகக் கச்சிராயபாளையத்துக்கு ஆள் ஏற்றிப்போவேன். வண்டிக்கு ஆள் சேருகிற வரைக்கும் அந்தக் கடை வாசலில்தான் நிற்பேன். அதனால் அங்கே நடந்த பேச்சு எல்லாம் என் காதில் விழும்.

பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் நேராக அங்கேதான் ஓடிவரும்.

"அக்கா, ப்ராஜெக்ட்டு. தண்ணி மாசுபாடுன்னு போட்டு எடுத்துக் குடுக்கா. சீக்கிரம், பஸ்ஸு போயிரும்."

வேறு கடையாக இருந்தால் என்ன செய்வார்கள்? முதலில் வருகிற பக்கத்தை அப்படியே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவரும் தட்டுவார். பக்கம் திறக்கிற நேரத்துக்குச் சரியாக, வளையல் சத்தத்தோடு அந்தக் கை வந்து திரையை மூடிவிடும்.

"மொதல்ல நீ சொல்லு. உனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?"

"உங்க ஊரு கெணத்துத் தண்ணி எப்பிடி இருக்குது?"

"கலங்கலா இருக்கும். மழ வந்தா ஜாஸ்தி."

"ஏன் ஜாஸ்தி?"

பையன் தலையைச் சொறிவான். "மேல மாட்டுக் கொட்டா இருக்குதுக்கா. அந்தத் தண்ணி எல்லாம்..."

"ஆங். அத எழுது. எழுதிட்டு வா. அப்புறம் இது இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்."

எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் கை விலகும். விலகினாலும் பிரிண்ட் உடனே வராது. அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "இது யாரு வூட்டு பேச்சு?" இதுதான் அவர் வாயில் எந்நேரமும் இருந்த வார்த்தை. இந்தப் பக்கத்தை எழுதினவர் யார், எந்த ஊர்க்காரர், எதற்காக எழுதினார், என்றைக்கு எழுதினார் என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கணும். தெரியவில்லை என்றால் "யாருன்னு தெரியல" என்று எழுதிக்கொண்டு வேறு இரண்டு பக்கம் பார்க்கணும்.

ஒருநாள் ஒரு ஆறாம் வகுப்புப் பொண்ணு, கல்வராயன் மலையில் என்னென்ன மிருகம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு இருந்தது. ஒரு பக்கத்தில் காட்டு யானைகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணி குடிக்க வரும் என்று போட்டிருந்தது. படமும் இருந்தது. பொண்ணுக்குச் சந்தோஷம்.

"நீ யானை பாத்துகிறியா?"

"கோயில்ல பாத்துகிறேன்."

"நம்ம மலையில?"

"இல்லக்கா."

ஜெராக்ஸ் அக்கா என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்க ராப்பகலா இந்த மலையில சுத்தறீங்க. யானை எதுனா எதிர்ல வந்துச்சா?"

"என் ஜீப்பப் பாத்துட்டு எல்லாம் பயந்து ஓடிடுச்சு போல" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பொண்ணு பக்கத்தின் அடி வரைக்கும் போய்ப் பார்த்தது. அது எங்கேயோ வேறு மாநிலத்தில் ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள் போட்ட விளம்பரம். மலை பேரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். "ஐய, பொய்யி" என்றது பொண்ணு. அது முகத்தில் அன்றைக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! அடுத்த வாரமும் அதே பொண்ணு வந்தது. உட்கார்ந்ததும் தானாகவே பக்கத்தின் அடிக்குப் போய், எழுதினவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. செடி, பூச்சி, பாம்பு என்று ஏதாவது தேடினால், படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்து, "இத ரெண்டு பேருகிட்ட காட்டு. ஒருத்தர் மலைக்காரரா இருக்கணும், ஒருத்தர் கீழ்நாட்டு ஆளா இருக்கணும். பேரச் சொல்லாத. படத்த மட்டும் காட்டி இது இன்னான்னு கேளு" என்பார். நாம் பேரைச் சொல்லிவிட்டால் எதிரில் இருக்கிறவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவாராம். படத்தை மட்டும் காட்டினால்தான் அவருக்குத் தெரிந்தது வெளியே வருமாம்.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஒரு பேப்பர் வாங்கப் போனா போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கற மாதிரி விசாரிக்குது அந்தம்மா" என்று வண்டியில் பேசிக்கொண்டு வருவார்கள். சில பேர் சந்தேகக்காரி என்றார்கள். புருஷனையும் இப்படித்தான் கேள்வி கேட்டிருக்கும், அதான் தனியாக மலையேறி வந்திருக்குது என்றார்கள். உண்மையா, பொய்யா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஆனால் அவரிடம் ஒரு பயம் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஒருநாள் ஒரு சின்னப் பையன், பாடத்துக்கு என்று சொல்லிவிட்டு, தன் வயிற்று வலியைப் பற்றித் தானே தட்டிப் பார்த்துவிட்டான். அந்தப் பக்கம் என்ன சொன்னதோ, வெளியே வந்து என் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்துருவேன்" என்று அழுதான். காலையில் பச்சை மாங்காய் தின்றிருக்கிறான், அவ்வளவுதான். ஜெராக்ஸ் அக்கா கடையைப் பூட்டிவிட்டு அவன் வீடு வரைக்கும் நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் முதலில் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"நெட்டுல எல்லாம் பொய்தான் போட்டு வெச்சிருக்கானுங்களா?" என்று கேட்டேன்.

"பொய் கூட பரவால்லண்ணா. பொய்ய புடிச்சிடலாம். இது நாம எப்பிடி கேக்கறமோ அதுக்குத் தகுந்தா மாதிரி சொல்லுது. பயந்துகினு கேட்டா பயமுறுத்துது. ஆசையா கேட்டா ஆசை காட்டுது."

"நான் கேக்கறதுக்குத் தகுந்தா மாதிரி எங்க வூட்ல கூட யாரும் பேசறது கெடையாது. பரவால்ல, இதுனா பேசுதே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அணைத்து வைத்திருந்த திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு என்னமோ போல இருந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மழைக்குப் பின்னாலேயே கண்வலி வந்தது. மெட்ராஸ் ஐ என்கிறீர்களே, அதுதான். முதலில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வந்தது, அப்புறம் ஊர் ஊராகப் பரவியது. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொள்ளும், கண் சிவந்து தண்ணியாய்க் கொட்டும். வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் என் மகள் கீர்த்தனாவின் வகுப்புக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு. தலைப்பு "நம் மலை தரும் மருந்து". ஒரு கூட்டத்துக்கு இலை, ஒரு கூட்டத்துக்குப் பட்டை, என் மகள் கூட்டத்துக்குக் கிழங்கு. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி சங்கீதா என்கிற பொண்ணு. எங்கள் பக்கத்து ஊர், நல்ல கையெழுத்து. அவள் அப்பா போனை வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்கணும். அவர்கள் எழுத்தைத் தட்டவில்லை. மைக்கை அமுக்கி வாயால் கேட்டார்கள். வயித்துவலிக்கு கெழங்கு என்றார்கள். காய்ச்சலுக்கு கெழங்கு என்றார்கள். அப்படியே ஒவ்வொரு நோயாகக் கேட்டுக்கொண்டு வந்து, ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்கிறதே என்று, "கண்வலிக்கு கெழங்கு" என்றார்கள். போன் அதை வாங்கி "கண்வலிக்கிழங்கு" என்று எழுதிக்கொண்டது.

நடுவில் ஒரு 'கு' காணாமல் போனது. கண்வலிக்குக் கிழங்கு என்றால் கண் வலிக்கு மருந்தாகிற கிழங்கு. கண்வலிக்கிழங்கு என்றால் அது ஒரு கொடியின் பேர். பேரில் கண்வலி இருக்கிறதே தவிர, கண்வலிக்கு அது மருந்து கிடையாது. ஆனால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? போன் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டது என்று நினைத்தார்கள். கீழே "கண்வலிக்கிழங்கின் மருத்துவப் பயன்கள்" என்று ஒரு பக்கமும் வந்தது. அது நீளமாக இருந்தது. மேலே இருந்த நாலு வரியை மட்டும் படித்துவிட்டு, சங்கீதா சார்ட்டில் பச்சை ஸ்கெட்ச்சால் எழுதினாள். "கண்வலிக்கு: கண்வலிக்கிழங்கு. அரைத்துச் சாறு எடுத்துப் பயன்படுத்தலாம்." பக்கத்தில் படம் ஒட்ட ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டாள்.

படத்துக்காக ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்கள். அன்றைக்குக் கடையில் கூட்டம். வருமானச் சான்று எழுதிப்போட ஆட்கள் வாசல் வரைக்கும் நின்றிருந்தார்கள்.

"அக்கா, ஒரு கெழங்கு படம் வேணும். கலர்ல."

"இன்னா கெழங்கு?"

"கண்வலிக்கு கெழங்குக்கா."

அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? கண் வலிக்கு ஏதோ ஒரு கிழங்கு என்றுதான் விழுந்திருக்கும். கை தானாகத் திரைக்குப் போனது.

"கண்வலிக்கு கெழங்கு வெக்கணும்னு யாரு சொன்னது? யாரு வூட்டு பேச்சு?"

"போன்ல போட்டுகிதுக்கா."

"போன்ல யாரு போட்டா?"

என் மகள் காலால் தரையைத் தேய்த்தாள்.

"எந்தப் பக்கம், யாரு எழுதினாங்க, முழுசும் படிச்சி எழுதிகினு வாங்க. அப்புறம் படம். போங்கடி."

"அக்கா, நாளைக்குக் காலைல கண்காட்சி."

"அப்ப இன்னிக்கே எழுதிகினு வாங்க."

பிள்ளைகள் எழுதிக்கொண்டு திரும்பி வரவில்லை. சர்தான், படமே வேணாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். கட்டத்துக்குள் பென்சிலால் "படம்" என்று மட்டும் எழுதி சார்ட்டை மாட்டிவிட்டார்கள்.

கண்காட்சிக்கு எங்கள் மலை ஜனம் எல்லாம் வந்தது. நானும் போனேன். அந்தச் சார்ட்டுக்கு முன்னால் எத்தனையோ பேர் நின்று படித்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் மலையில் கண்வலிக்கிழங்கு என்று ஒரு பேரே கிடையாது. கீழ்நாட்டில் ஏதோ ஒரு கிழங்கு போலிருக்கிறது என்று நினைத்தோம். யாரோ அதைப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ ஊர் குரூப்பில் வந்தது. ஊர் குரூப்பிலிருந்து தோட்டத்து ஆட்கள் குரூப்புக்குப் போனது.

அதற்கு அப்புறம் ஒரு காலை. மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டு இருந்தது. நான் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மாரி என்று ஒரு ஆள் வந்தான். திருக்கோவிலூர் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்து, கரியாலூருக்கு உள்ளே தள்ளி ஒரு மரவள்ளித் தோட்டத்தில் பொண்டாட்டி பிள்ளையோடு காவலுக்கு இருந்தான். ஒரு கண் அவனுக்கும் சிவந்திருந்தது. போனை நீட்டினான்.

"யக்கா, இத கொஞ்சம் பெருசா போட்டுக் குடேன். வூட்ல ஒட்டி வெக்கணும். எங்க பாப்பாவுக்குக் கண்ணு தொறக்கவே முடியல."

ஜெராக்ஸ் அக்கா போனை வாங்கிப் பார்த்தார். பச்சை எழுத்து. பக்கத்தில் வெறும் கட்டம். கட்டத்துக்குள் "படம்". அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டரில் தட்டினார். கண்வலிக்கிழங்கு. இந்தத் தடவை கை திரைக்குப் போகவில்லை. படம் வந்தது. திரையை அப்படியே என் பக்கம் திருப்பினார்.

"அண்ணா, இது இன்னா?"

வேலியெல்லாம் நெருப்புப் பிடித்த மாதிரி சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கிடக்குமே, அந்தக் கொடி. எனக்கு நடக்கத் தெரிஞ்ச நாளிலிருந்து தெரியும்.

"இது கலப்பக் கெழங்கு. ஆடு மாட்டக் கூட கிட்ட அண்ட வுட மாட்டோமே. விஷம்" என்றேன்.

திரையை மாரி பக்கம் திருப்பினார். "தம்பி, இது இன்னா?"

"கண்வலிப் பூ. எங்க ஊருல கொளத்து மேட்டுல இருக்கும். உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்னு சொல்லுவாங்க. இதான்க்கா, இந்தக் கெழங்குதான். நம்ம தோட்டத்து வேலியிலயே கெடக்குது."

பிள்ளைங்களே, மலைக்காரனுக்கு விஷம் என்று தெரியும், அந்தப் பேர் தெரியாது. கீழ்நாட்டு ஆளுக்குப் பேர் தெரியும், விஷம் என்று தெரியவில்லை. நடுவில் ஒரு படம் இருந்திருந்தால் போதும்.

ஜெராக்ஸ் அக்கா எழுந்துவிட்டார். "தோண்டிட்டியா?"

"காலைலயே தோண்டிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அம்சா அரைச்சிகினு இருந்தா."

"போன் போடு."

"அங்க டவர் இல்லக்கா. அண்ணா சொல்றது நெசமா? விஷமாக்கா?"

அவர் கடையைப் பூட்டக்கூட இல்லை. என் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். மாரி பின்னால் ஏறினான், நான் சாவியைத் திருகினேன்.

அந்தப் பாதையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் கொடி எங்கே எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். எங்கே பார்த்தாலும் இருந்தது. வேலியில், புதரில், மைல்கல்லைச் சுற்றி. மழையில் நனைந்து பளபள என்று இருந்தது. மாரி பின்னாலிருந்து, "கண்ணுல வுடறதா, குடிக்கறதான்னு போட்டிருக்காக்கா? எனக்குப் படிக்கத் தெரியாது, தோட்டத்துப் பசங்க படிச்சி சாறு எடுக்கணும்னு மட்டுந்தான் சொன்னானுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அதில் அது போடவில்லை. பயன்படுத்தலாம் என்று மட்டும்தான் போட்டிருந்தது. தோட்டத்து வேலிக்கிட்ட வண்டி மெதுவானதும் ஜெராக்ஸ் அக்கா குதித்து இறங்கி, ஒரு கொடியைக் கிழங்கோடு பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் மாரி குடியிருந்த கொட்டாய்க்கு ஓடினார்.

உள்ளே மாரியின் பொண்டாட்டி அம்சா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, இரண்டு கண்ணும் ஒட்டிப்போய் அழுதுகொண்டு இருந்தது. அம்சா கையில் எவர்சில்வர் டம்ளர். குழந்தை வாயருகே கொண்டுபோய்க்கொண்டு இருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கை போய் டம்ளரை மூடியது.

"குடுத்தியா? புள்ளைக்குக் குடுத்தியா?"

"இல்லக்கா, இப்பத்தான். ஏன், யாரு நீங்க?"

மாரி டம்ளரைப் பிடுங்கி வெளியே ஊற்றினான். "விஷமாம்டி. அந்தக் கெழங்கு விஷமாம்."

அம்சா அவனைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "விஷமெல்லாம் ஒண்ணும் இல்ல. கண்டதையும் புள்ளைக்குக் குடுக்க நான் இன்னா பைத்தியமா? அதான் நான் மொதல்ல அர டம்ளர் குடிச்சிப் பாத்தேன். நீ போனதுமே குடிச்சேன். இந்நேரம் வரைக்கும் ஒண்ணும் ஆவலயே. அதுக்கு அப்புறந்தான் பாப்பாவுக்கு எடுத்தேன்."

ஜெராக்ஸ் அக்கா அம்சாவின் கையைப் பிடித்து எழுப்பினார். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அம்சா நன்றாகத்தான் இருந்தாள். வேலை கெட்டுப்போகிறது என்று திட்டினாள். அடுப்பை அணைத்தோமா என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, இந்தக்கா சும்மா பயமுறுத்துது" என்றாள். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் வாந்தி எடுத்தாள். இந்த மலைப்பாதையில் வாந்தி எடுக்காத ஆள் கம்மி. என் வண்டியில் தினமும் யாராவது எடுப்பார்கள், நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பார்த்தேன். வளைவினால் வருகிறதா, வயிற்றுக்குள்ளே இருக்கிறதினால் வருகிறதா? யாருக்கும் தெரியவில்லை. ஜெராக்ஸ் அக்கா அம்சாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழே இறங்கி, தரை சமமாக ஆன பிறகும் வாந்தி நிற்கவில்லை. அப்போதுதான் மாரி அழ ஆரம்பித்தான்.

ஆஸ்பத்திரியில் ஜெராக்ஸ் அக்கா அந்தப் பையை மேசைமேல் வைத்தார். "இதத்தான் அரைச்சிக் குடிச்சாங்க. கண்வலிக்கிழங்குன்னும் சொல்லுவாங்க, கலப்பைக் கிழங்குன்னும் சொல்லுவாங்க. ரெண்டும் இதுதான்" என்றார். டாக்டரம்மா அதைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்காமல் எழுந்து அம்சாவிடம் போனார்.

அப்புறம் வந்த நாட்களை எப்படி எழுதுவது? ஒருநாள் தேறிவிட்டாள் என்பார்கள், மறுநாள் ரத்தம் கெட்டிருக்கிறது என்பார்கள். மாரி வராந்தாவில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைக்குக் கண்வலி சுலபமாகச் சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்துதான், வேறு ஒன்றும் இல்லை.

நான் சவாரிக்கு இறங்கும்போதெல்லாம் ஜெராக்ஸ் அக்கா கூடவே வருவார். ஒருநாள் திரும்பி ஏறும்போது சொன்னார். "அன்னிக்கு நான் படத்தக் குடுத்திருந்தா, கண்காட்சியில பாத்த மொத ஆளே கண்டுபுடிச்சிருப்பான்ணா."

அது உண்மைதான். அவர் சந்தேகப்பட்டதும் சரிதான். ரெண்டும் உண்மையாக இருந்தது. அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றினேன்.

சங்கீதா பள்ளிக்கூடம் போகவில்லை, சாப்பிடவில்லை என்று என் மகள் சொன்னாள். ஜெராக்ஸ் அக்கா அவள் வீட்டுக்குப் போனார். திட்டவில்லை. கலர் பிரிண்ட் ஒரு கட்டு கொண்டுபோயிருந்தார். அந்தப் பூவின் படம், கீழே மலைப் பேரும் கீழ்நாட்டுப் பேரும் போட்டு, விஷம் என்று எழுதியிருந்தது. "வா, ஒட்டிகினு வரலாம்" என்றார். சங்கீதாவும் என் மகளும் அவரோடு என் ஜீப்பில் ஏறினார்கள். தோட்டம் தோட்டமாகப் போனோம். ஒவ்வொரு இடத்திலும் சங்கீதாதான் இறங்கிப் பேசினாள். முதல் இடத்தில் குரலே வரவில்லை. போகப்போக வந்தது. ஊர் குரூப்பிலிருந்தும் அந்தப் போட்டோவை எடுத்துவிட்டார்கள்.

அம்சா பிழைத்துத் திரும்பி வந்தாள். வந்தபோது தலையில் துண்டு கட்டியிருந்தாள். முடி முழுக்கக் கொட்டிவிட்டது, புருவம்கூட இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை ஜெராக்ஸ் எடுக்க என் வண்டியில்தான் கடைக்கு வந்தாள். ஜெராக்ஸ் அக்கா அவளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாம் முடிந்தது என்று எனக்கும் ஒரு நிம்மதி.

அந்த நேரத்தில் என் போன் சத்தம் போட்டது. திருக்கோவிலூரில் இருக்கிற என் சித்தி மகன் ஏதோ அனுப்பியிருந்தான். திறந்தேன். கண்வலிக்கு: கண்வலிக்கிழங்கு. அதே வரி. ஆனால் சங்கீதாவின் பச்சை எழுத்து இல்லை. யாரோ அழகாக அச்செழுத்தில் அடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பேர் இல்லை. "மலைவாழ் மக்களின் கைகண்ட மருந்து, எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று மேலே சேர்த்திருந்தார்கள். "தினம் ஒரு டம்ளர்" என்று கீழே சேர்த்திருந்தார்கள். அதை எந்தப் பிள்ளையும் எழுதவில்லை.

ஜெராக்ஸ் அக்காவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "அனுப்பினவருக்கு இது எங்கருந்து வந்துச்சுன்னு கேளுங்க" என்றார்.

சித்தி மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். "எவன் அனுப்பினான்டா இத?"

"எங்க செங்கல் சூளை மேஸ்திரி. சூளை குரூப்ல போட்டாரு. ஏன்? அங்க கொழந்தைங்களுக்கெல்லாம் கண்வலி வந்துகிது, பாவம். நேத்தே எல்லாருக்கும் அரைச்சிக் குடுக்கணும்னு சொல்லிகினு இருந்தாரு."

"நம்பரக் கேளுங்க, நம்பர" என்றார் ஜெராக்ஸ் அக்கா.

நம்பர் வாங்கி அவரே போட்டார். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. கடைசி வரைக்கும் அடித்து நின்றது. மறுபடியும் போட்டார். வெளியே பிள்ளைகள், "அக்கா, ப்ராஜெக்ட்டு" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் தடவை போட்டார்.

அம்சா டீயை வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கறாங்களாக்கா?"

"அடிச்சிகினே இருக்குது."